ஐம்பது வரை எண்ணுகிற பிள்ளைக்கு ஆறா எட்டா கூட என்று ஏன் தெரியவில்லை?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகளுக்கு ஐந்து வயது முடியப்போகிறது, வருகிற தையில் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். ஐம்பது வரை தடக்குப்படாமல் எண்ணுகிறாள். ஆனால் ஆறு கூடவா எட்டுக் கூடவா என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். மாமி ரியூசனுக்கு விடச் சொல்கிறார். பரந்தனில் வீட்டோடு இருக்கிற நீங்கள் இதை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லிக்கொடுக்கலாம். காசும் தேவையில்லை. ஒரு கை கச்சான், கொஞ்சம் புளியங்கொட்டை, முற்றத்து மணல், ஒரு பிஸ்கற் பெட்டி அட்டை போதும். நான் முள்ளியவளைப் பக்கம் முன்பள்ளியிலும் பிறகு ஆரம்பப் பிரிவிலுமாக இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள். உங்கள் மகளைப் போல நாலைந்து பேராவது ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்களிடம் குறை ஒன்றும் இருக்காது. எண்ணத் தெரிந்தால் எண்ணைத் தெரியும் என்று நாங்கள்தான் நினைத்துவிடுகிறோம்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று கிழமை முழுவதும் ஒப்புவிக்கிற பிள்ளையிடம் "வியாழன் கூடவா, செவ்வாய் கூடவா?" என்று கேட்டால் என்ன சொல்லும்? முழிக்கும். கிழமைகளுக்கு வரிசை இருக்கிறது, அளவு இல்லை. உங்கள் மகளுக்கு இப்போது ஆறும் எட்டும் அப்படித்தான். ஆறுக்குப் பிறகு ஏழு, ஏழுக்குப் பிறகு எட்டு என்ற பாட்டு வாயில் இருக்கிறது. எட்டு என்பது ஆறை விடக் கொஞ்சம் பாரமானது, கொஞ்சம் நீளமானது என்ற உணர்வு கையில் இன்னும் ஏறவில்லை. விளையாட்டு ஏற்றவேண்டியது அதைத்தான்.

முதலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிடுங்கள். சோதனை என்று சொல்லிவிட வேண்டாம். அடுப்படியில் இருக்கும்போது, "அம்மாவுக்கு ஆறு கச்சான் தாங்கோ" என்று கையை நீட்டுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆறில் நிறுத்தித் தருகிறாளா, அல்லது ஒரு பிடி அள்ளித் தருகிறாளா? அள்ளித் தந்தால் கவலைப்பட வேண்டாம், ஆனால் ஒப்பிடும் விளையாட்டுகளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இந்தத் "தாங்கோ" விளையாட்டையே இரண்டு கிழமை விளையாடுங்கள். கெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978இல் எழுதிய நூலில் எண்ணுதலுக்கு ஐந்து அடிப்படைகள் சொன்னார்கள். அதில் ஒன்று, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது. எங்களுக்கு அது விளக்கமே தேவைப்படாத விடயம். பிள்ளைக்கு அப்படியில்லை. ஆறு பொருளை வடிவாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "அப்ப எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அவர்களுக்கு "எத்தனை" என்றால் "எண்ணு" என்றுதான் பொருள்.

அடுத்தது இரண்டு வரிசை. ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேரே ஆறு சோடா மூடியை இன்னொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று சொல்வாள். இப்போது மூடிகளை மட்டும் விலக்கி நீட்டி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். "மூடிதான் கூட" என்று சொல்லக்கூடும். சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதைத்தான் செய்துபார்த்தார். ஆறு ஏழு வயது வரை பல பிள்ளைகள் நீளத்தைப் பார்த்து ஏமாறுவார்கள் என்றார். அதில் ஒரு நுட்பம் பின்னால் தெரியவந்தது. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், "நான் முதல் சொன்னது பிழைபோல" என்று பிள்ளை நினைத்துப் பதிலை மாற்றிவிடுகிறது. 1970களில் ஸ்கொட்லாந்தில் ஒரு குறும்புக்காரக் கரடிப்பொம்மை வந்து வரிசையைக் குழப்புவதுபோல் செய்து பார்த்தபோது, நிறையப் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். ஆகவே கரடி இல்லாவிட்டால் பூனைக்குட்டியோ தவழ்கிற தம்பியோ குழப்பட்டும். உங்கள் மகள் ஒவ்வொரு முறையும் உங்கள் முகத்தைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுவும் இதே கதைதான். எண்ணை அவள் ஒப்பிடவே இல்லை, உங்கள் முகத்தை வாசிக்கிறாள். கேட்கும்போது முகத்தைக் கச்சான் உடைப்பதில் வைத்திருங்கள்.

இனிச் சொற்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. "எது பெரிய எண்?" என்று கேட்காதீர்கள், குறைந்தது முதல் இரண்டு மாதத்துக்கு. பெரிய என்றால் பிள்ளைக்கு உருவம். தாளில் 3ஐப் பெரிதாகவும் 8ஐச் சிறிதாகவும் எழுதிக் கேட்டால் 3தான் பெரிது என்று சொல்லும், அதன் நியாயத்தில் அது சரியும்கூட. எங்கள் பேச்சில் இதற்கு நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன: கூட, குறைய, சமன். தம்பிக்குக் கூடத் தந்துவிட்டாய் என்று சண்டை பிடிக்காத பிள்ளை வன்னியில் உண்டா? அந்தச் சண்டைதான் கணிதத்தின் வாசல். புத்தகத்தில் வருகிற பெரியது, சிறியது எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்.

"கூட" கெதியாக வந்துவிடும், "குறைய" பிந்தும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். யாரும் குறையக் கேட்டு அடம்பிடிப்பதில்லை, அதனால் அந்தச் சொல் காதில் விழுவதே அரிது. சிலர் குறைய என்றாலும் கூட என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். எனக்குக் கைகொடுத்தது சாப்பாடு. இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து கச்சான் வைத்துவிட்டு, மகளை ஒன்றைச் சாப்பிடச் சொல்லுங்கள். "இப்ப யாரிட்டக் குறைய?" இன்னொன்றையும் சாப்பிடட்டும். "இப்ப?" வாயில் போனது குறைந்தது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. பாலைப்பழக் காலத்தில் அதை வைத்தும் செய்யலாம், ஆனால் கையெல்லாம் ஒட்டும், எண்ணி முடிக்குமுன் பழம் முடிந்துவிடும்.

அடுத்ததில்தான் நீங்கள் கூட நேரம் செலவழிக்க வேண்டும். இணைத்துப் பார்ப்பது. இரண்டு, மூன்று, சிலவேளை நாலு வரை பொருட்களைக் கண்ணாலேயே ஒரு பார்வையில் அறிகிறோம், எண்ணுவதில்லை. ஆகவே இரண்டும் மூன்றும் பக்கத்தில் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளையும் சரியாகச் சொல்லிவிடும். ஆறும் ஏழும் என்று வந்ததும் கண் கைவிட்டுவிடும். அங்கே கைதான் வேலை செய்யவேண்டும்: இதில் ஒன்று, அதில் ஒன்று என்று சோடி சேர்த்துக்கொண்டே போக, சோடி கிடைக்காமல் மிஞ்சுகிற பக்கம் கூட. எண்ணே தெரியாத பிள்ளையும் இதைச் செய்யும். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்த நாட்களில், கூடாரத்துக்குள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தபோது எங்களிடம் கரும்பலகைகூட இல்லை. தண்ணீர்ப் போத்தல் மூடிகள்தான் குவிந்து கிடந்தன. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் கல். "மூடிக்கெல்லாம் கல்லுக் கிடைச்சுதா?" என்று கேட்டுக் கேட்டே ஒரு தவணைப் பாடத்தை ஓட்டினோம். இன்றைக்கும் விலைகொடுத்து வாங்கிய எந்தப் பொருளையும் விட எனக்கு அந்த மூடிகளில்தான் நம்பிக்கை.

வீட்டில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை எடுத்துவைக்கிற வேலையை மகளிடம் கொடுங்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஐந்து கோப்பையை நீங்களே எடுத்துக் கொடுங்கள், வேண்டுமென்றுதான். வைத்துக்கொண்டு போகும்போது அப்பாவுக்குக் கோப்பை இல்லை. "கோப்பை கூடவா, ஆக்கள் கூடவா?" அரிசி அளக்கும்போது சுண்டை அவளிடம் கொடுங்கள். மற்ற நாளில் மூன்று சுண்டு, இன்றைக்குச் சித்தப்பா வீட்டார் வருவதால் ஐந்து சுண்டு. நெல்லு மூடை அடுக்கும்போது தகப்பனுடன் போய் நிற்கட்டும், இந்த அடுக்கில் எத்தனை, அந்த அடுக்கில் எத்தனை என்று பார்க்கட்டும். கோழி வளர்க்கிறீர்கள் என்றால் நேற்றைய முட்டையும் இன்றைய முட்டையும். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரு கேள்விதான்: "எப்படித் தெரியும்?" பதில் சரியானாலும் கேளுங்கள், பிழையானாலும் கேளுங்கள். பிழையானால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே பதிலை மாற்றப் பழகிவிடுவாள்.

சோடி சேர்ப்பது கைவந்த பிறகு மெல்ல அடுத்த கேள்வி: "எத்தனை கூட?" மிஞ்சி நிற்கிறவற்றை எண்ணினால் அதுதான் விடை. பின்னால் பள்ளிக்கூடத்தில் கழித்தல் என்று படிக்கப்போவது இதைத்தான். ஆனால் அந்தப் பெயரை இப்போது சொல்லத் தேவையில்லை.

பொழுதுபோகாத பின்னேரங்களுக்கு ஒரு விளையாட்டு. ஒற்றையா இரட்டையா என்று கைக்குள் பொத்திக் கேட்பது உங்களுக்குத் தெரியும்தானே. அதையே கொஞ்சம் மாற்றுவோம். கொக்கான் வெட்டுகிற கல்லில் இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து. இரண்டு பேரும் முதுகுக்குப் பின்னால் சிலதை மட்டும் ஒரு கைக்குள் எடுத்துக்கொண்டு முன்னால் நீட்டுங்கள். திறக்குமுன் மகள் சொல்லவேண்டும்: தன்னிடம் கூடவா குறையவா? அவளுக்குத் தன் கையில் நாலு இருப்பது தெரியும், உங்கள் கையில் இருப்பது தெரியாது. தன்னிடம் ஐந்தும் இருந்தால் குறைய என்று சொல்லவே தேவையில்லை என்பதை அவளாகக் கண்டுபிடிக்கிற ஒரு நாள் வரும். அன்றைக்கு அவள் முகத்தைப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பொடியன் அதைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு கிழமைக்கு ஐந்துக்குக் குறைவாகக் கையில் எடுக்கவே மறுத்துவிட்டான்.

அப்புறம் காட். பிஸ்கற் பெட்டி அட்டையை வெட்டி 1 முதல் 10 வரை இரண்டு தொகுதி செய்யுங்கள். எண்ணை மேலே எழுதி, கீழே அத்தனை புள்ளியும் வையுங்கள். புள்ளி மிக முக்கியம், சந்தேகம் வந்தால் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள அது வேண்டும். கட்டைக் கலைத்து ஆளுக்குப் பாதி, இரண்டு பேரும் மேல் அட்டையை ஒரே நேரத்தில் திருப்ப, கூட உள்ளவர் இரண்டையும் எடுப்பார். சமன் என்றால் இன்னொன்று திருப்ப வேண்டும். ஒரேயொரு சட்டம் கட்டாயம்: எடுக்குமுன் "எட்டு, ஆறை விடக் கூட" என்று வாயால் சொல்லவேண்டும். சொல்லாமல் எடுத்தால் அட்டை மற்றவருக்கு. ஒரு கிழமை போனதும் விளையாட்டைத் திருப்பிப் போடுங்கள், குறைய உள்ளவர் எடுப்பார். "குறைய" என்ற சொல்லுக்கு இதை விட நல்ல மருந்து நான் கண்டதில்லை. புள்ளிகள் இல்லாமலே சொல்லத் தொடங்கியதும் புள்ளி இல்லாத அட்டைகளுக்கு மாறலாம்.

தொடக்கத்தில் எட்டையும் ஒன்பதையும் கட்டிலிருந்து ஒளித்துவைத்தாலும் பிழையில்லை. 1967இல் மோயர், லாண்டவர் என்ற இருவர் வளர்ந்தவர்களையே இலக்கங்களை ஒப்பிடச் சொல்லி நேரம் பார்த்தார்கள். 2உம் 9உம் போலத் தூர நிற்கிற எண்களுக்கு உடனே பதில் வந்தது. 8, 9 போலக் கிட்டக் கிட்ட இருப்பவற்றுக்குக் கொஞ்சம் பிந்தியே வந்தது. பெரியவர்களுக்கே அப்படியென்றால், ஆறா எட்டா என்று நீங்கள் கேட்டது ஐந்து வயதுக்கு இலேசான கேள்வியில்லை. இரண்டா ஒன்பதா என்று தொடங்கியிருந்தால் அவள் தடுமாறியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

ஒன்று கவனம். வீட்டில் தாத்தா 304 விளையாடுகிற காட்ஸ் கட்டை இதற்கு எடுக்காதீர்கள். அழுக்காகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. 304இல் ஒன்பதுக்கு 20 புள்ளி, பத்துக்கு 10 புள்ளிதான், எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமே இல்லை. பத்தை விட ஒன்பது கூட என்று என்னிடம் நாள் முழுக்க வாதாடிய ஒரு பிள்ளை இருந்தாள். சோடி சேர்த்துக் காட்டினேன், ஒத்துக்கொண்டாள், அடுத்த நாள் மறுபடி அதே கதை. தாய் வந்தபோதுதான் தெரிந்தது, பின்னேரங்களில் அவள் தாத்தாவின் மடியில் இருந்து காட் பார்க்கிறவள். அந்தப் பிள்ளைக்கு ஒப்பிடத் தெரியாமல் இல்லை, வேறு ஒரு சட்டத்தில் ஒப்பிட்டிருக்கிறாள். பிழையான பதில் வந்தால் முதலில் அது எந்தக் கணக்கில் சரி என்று தேடுங்கள்.

இனி மணல். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான், ஆராய்ச்சியின் துணையும் இதற்கு உண்டு. முற்றத்தில் ஒரே நேர்கோட்டில் பத்துக் கட்டம் கீறி 1 முதல் 10 வரை எழுதுங்கள். கட்டமெல்லாம் ஒரே அளவு, வளைவு சுளிவு இல்லை. இரண்டு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் வெள்ளை தெரியும்வரை உரசுங்கள். அவற்றை எறிந்தால் ஒன்று வெள்ளை, அல்லது இரண்டு வெள்ளை. இரண்டும் கறுப்பாக விழுந்தால் மறுபடி எறியலாம். விழுந்த எண்ணுக்கு அத்தனை கட்டம் நகர்ந்து, முதலில் பத்தில் போய் நிற்பவர் வெற்றி. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கீதா ரமணி, றொபேட் சீக்லர் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளை ஏறக்குறைய இப்படியான ஒரு பலகையில்தான் விளையாட விட்டார்கள். சில கிழமைக்குள் நாலு தடவை, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். எந்த எண் கூட என்று சொல்வதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், ஒன்பது கிழமை கழித்துப் பார்த்தபோதும் அது நின்றது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் பூசிய அதேமாதிரிப் பலகையில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. அடுத்த வருடம் வட்டமான பலகையையும் வைத்துப் பார்த்தார்கள். நேர்கோட்டுப் பலகை அளவுக்கு அது உதவவில்லை.

ஏன் நேர்கோடு? எட்டில் நிற்கிற பிள்ளை ஆறில் நிற்கிற பிள்ளையை விடக் கூடத் தூரம் நடந்திருக்கிறது, கூட நேரம் எடுத்திருக்கிறது, கூடத் தடவை எறிந்திருக்கிறது, கூட எண்களை வாயால் சொல்லியிருக்கிறது. எட்டு என்பது காலிலும் கையிலும் வாயிலும் ஒரே நேரத்தில் ஆறை விடக் கூடிவிடுகிறது. இதனால்தான் பாம்பும் ஏணியும் இந்த வயதுக்கு அவ்வளவு உதவாது என்று நினைக்கிறேன். நூறு கட்டம், ஒரு வரிசை இந்தப் பக்கம் போனால் அடுத்தது அந்தப் பக்கம் திரும்பும், நடுவில் பாம்பு வேறு விழுங்கிவிடும். பதினொன்று பத்துக்கு மேலே நிற்கிறது, இருபது ஒன்றுக்கு நேர் மேலே நிற்கிறது. எண் நீளமாகப் போகிறது என்ற உணர்வு எப்படி வரும்? ஆசைக்கு விளையாடட்டும், அது வேறு விடயம்.

மணல் விளையாட்டில் பெரியவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு சின்ன விடயம் இருக்கிறது, விளையாட்டின் பலன் பாதி அதில்தான் தங்கியிருக்கிறது. ஐந்தில் நிற்கிற பிள்ளைக்கு இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகரக்கூடாது. "ஆறு, ஏழு" என்று கால் வைக்கிற கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகரவேண்டும். இதே சீக்லர் பின்னால் இன்னொருவருடன் சேர்ந்து செய்து 2014இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது: நிற்கிற இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகள் படித்தார்கள், ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அதே விளையாட்டால் பெரிய பயன் இல்லை. முதல் இரண்டு நாள் உங்கள் மகள் ஒன்று, இரண்டு என்றே தொடங்குவாள். திருத்தவேண்டாம், உங்கள் முறை வரும்போது நீங்கள் உரக்கச் சரியாகச் சொல்லி நகருங்கள். மூன்றாம் நாள் பிடித்துக்கொள்வாள். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "நீங்க ஏழிலே, நான் நாலிலே. ஆருக்குப் பத்து கிட்ட?"

மழை தொடங்கி முற்றம் சேறானால் திண்ணையில் சோக்கட்டியால் கீறலாம். பரந்தன்காரருக்கு மாரியில் இன்னொரு வசதி இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்பது அந்த நாட்களில் ஊரெல்லாம் கதைக்கிற கதை. 36 அடி வந்தால் குளம் நிரம்பியது. நேற்று 31, இன்று 33 என்று தகப்பன் சொல்லும்போது மகளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். சுவரில் நிலைக்குத்தாக ஒரு கோடு கீறி 30இலிருந்து 36 வரை அடையாளம் வைத்து, ஒவ்வொரு நாளும் அவளையே ஒரு சின்னக் கோடு போடச் சொல்லுங்கள். நேற்றை விட ஏறியிருக்கிறதா, இன்னும் எத்தனை அடி கிடக்கிறது? காலபோக வயல் வைத்திருக்கிற வீட்டில் இந்த ஒப்பீட்டை யாரும் பாடம் என்று நினைக்கமாட்டார்கள். எண் பெரிதென்றாலும் பரவாயில்லை, அவள் பார்ப்பது கோட்டின் உயரத்தை.

பத்தைத் தாண்டும்போது தமிழ் எங்களுக்கு ஒரு உதவியும் செய்கிறது, ஒரு குழியும் வெட்டுகிறது. பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து என்பவற்றில் பத்து ஒளிந்திருப்பது காதிலேயே விழும்: பத்தும் ஐந்தும் பதினைந்து. "பத்தை விடக் கூடவா?" என்று கேட்டால் சொல்லிலேயே விடை இருக்கிறது. குழி எது என்றால் ஒன்பது. இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது எல்லாம் "பது" என்று முடிகின்றன, ஒன்பதும் அப்படியே முடிகிறது. பதினைந்தை விட ஒன்பது கூட என்று ஒரு பிள்ளை சொன்னால் காதால் யோசித்திருக்கிறது என்று அர்த்தம். தொண்ணூறும் அப்படித்தான், நூறு என்று முடிகிறது, நூறை எட்டுவதில்லை. எழுபதும் எண்பதும் வாய்க்குள் ஒன்றாகக் குழம்பும். இவற்றுக்கெல்லாம் பேச்சால் பரிகாரம் இல்லை, மறுபடி மூடிகளிடம்தான் போகவேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் செய்துகொண்டால், ஒன்பது ஒரு கட்டுக்குக்கூடக் காணாது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

முதலை வாய் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துவிட்டு நீங்களும் தொடங்கிவிடுவீர்கள். கூட உள்ள பக்கம் முதலை வாயைத் திறக்கும் என்று >, < என்ற அடையாளத்தைப் பழக்குகிறார்கள். எங்கள் குளங்களில் முதலைக்குக் குறைவில்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். எனக்கு மனவருத்தம் என்னவென்றால், அடையாளத்தைச் சரியாகப் போடுகிற பிள்ளையை "இதை வாசி" என்றால் "முதலை எட்டைச் சாப்பிடுது" என்கிறது. எட்டு ஆறை விடக் கூட என்று சொல்வதில்லை. முதலைக்குப் பல்லு, வால், கண் எல்லாம் கீறி முடிய மணி அடித்துவிடும். அடையாளத்தைப் பள்ளிக்கூடம் உரிய நேரத்தில் பார்த்துக்கொள்ளும், நீங்கள் வாக்கியத்தைப் பழக்குங்கள்.

அண்ணன் ஒருவன் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற வயதில் இருந்தால் எல்லாப் பதிலையும் முந்திச் சொல்லுவான், தங்கை வாயை மூடிவிடுவாள். அவனுக்கு நடுவர் வேலை கொடுங்கள். சண்டை வந்தால் சோடி சேர்த்துக் காட்டுவது அவன் பொறுப்பு, ஆனால் பதில் சொல்லக்கூடாது. போனில் வருகிற எண் விளையாட்டுகளைப் பற்றியும் கேட்டீர்கள். சில நல்லவை இருக்கலாம், ஆனால் திரையில் தட்டுகிற விரலுக்கு ஆறும் எட்டும் ஒரே பாரம்தான். கையில் அள்ளி, வைத்து, தள்ளிப் பழகுகிற வயதில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். அவள் கேட்டால் மட்டும் கூட்டுங்கள். எப்போதும் அவளையே வெல்ல விடவேண்டாம், எப்போதும் நீங்களே வெல்லவும் வேண்டாம். அட்டை திருப்புகிற விளையாட்டில் வெற்றி கட்டின் கையில்தான் இருக்கிறது, அதனால் அது நல்லது. மாமியிடம் ரியூசனுக்குப் பதிலாகக் கச்சான் உடைக்கிற வேலையைக் கொடுத்து, மாலையில் மகளோடு இருத்திவிடுங்கள். முதலாம் ஆண்டில் தொடக்க மாதங்கள் எப்படியும் செயற்பாடும் விளையாட்டுமாகத்தான் போகும். கூட, குறைய, சமன் மூன்றையும் வடிவாகத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளைக்கு அங்கே ஒரு கஷ்டமும் இல்லை.

இரண்டு மாதம் இப்படி விளையாடியும் மூன்று பொருளைக் கேட்டால் மூன்று தர முடியவில்லை, இரண்டையும் ஐந்தையும் பக்கத்தில் வைத்தாலும் எது கூட என்று தெரியவில்லை என்றால், முன்பள்ளி ரீச்சரிடம் கதையுங்கள், கண்ணையும் காதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். எண் தெரியாது என்று நாங்கள் நினைத்த ஒரு பிள்ளைக்கு மூன்றாம் வரிசையிலிருந்து கரும்பலகையே தெரியவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு தவணை எடுத்தது. உங்கள் மகள் விடயத்தில் அதற்குத் தேவை இருக்காது என்றே படுகிறது. இன்றைக்கே இரண்டு புளியங்கொட்டையை உரசி வையுங்கள். கறுப்பும் வெள்ளையும் சரியாகத் தெரிய நல்லாய்த் தேய்க்கவேண்டும், அரைகுறையாகத் தேய்த்தால் அது வெள்ளையா கறுப்பா என்று அண்ணனும் தங்கையும் சண்டை பிடிப்பார்கள்.